வானிலிருந்து இறங்கும் மாசைக் குறைக்க முதலில் எதில் கை வைப்பது?

காற்றுக்குள் போன மாசு அங்கேயே தங்கிவிடுவதில்லை. பெரும்பாலானது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தரைக்கு வந்து சேர்ந்துவிடும். மழையில் கரைந்து வந்தால் அது ஈரப்படிவு. மழையே இல்லாமல் வாயுவாகவோ நுண்துகளாகவோ இலையிலும் மண்ணிலும் நீர்ப்பரப்பிலும் ஒட்டிக்கொண்டால் உலர்படிவு. உயரமான மலைக்காடுகளில் மூடுபனி மரங்களை உரசிப் போகும்போதே கணிசமான மாசை இறக்கிவிடும். காற்றின் தரம் என்றதும் மூச்சில் போவதை மட்டுமே நினைக்கிறோம். ஏரியில் மீன் அழிவதும், காட்டு மண்ணிலிருந்து கால்சியம் கரைந்து ஓடுவதும், சத்துக் குறைந்த மண்ணை நம்பி வாழும் அரிய செடிகளைப் புல் வந்து மூடிவிடுவதும் இந்தப் படிவால்தான்.

இதைக் குறைக்க ஒரு அரசோ மாசுக் கட்டுப்பாட்டு அமைப்போ முடிவெடுத்தால், அதன் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. கந்தக டை ஆக்சைடைப் புகைபோக்கியிலேயே பிடிக்கலாம். நைட்ரஜன் ஆக்சைடுகளை வாகனங்களிலும் ஆலைகளிலும் குறைக்கலாம். பண்ணைகளிலிருந்து எழும் அம்மோனியாவைக் கட்டுப்படுத்தலாம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதையே விட்டுவிடலாம். இல்லையென்றால், விழுந்த பிறகு ஏரிக்கும் மண்ணுக்கும் வைத்தியம் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் போதாது, அரசியல் வலுவும் போதாது. அதனால் எது முன்னால், எது பின்னால் என்பது முக்கியமாகிறது. பல நாடுகள் இந்த வரிசையைப் போட்டபோது வெப்பநிலை ஏறுவதைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தால் வரிசை மாறும் என்பது என் கருத்து. குறிப்பாக, எப்போதும் கடைசியில் நிற்கும் அம்மோனியா முன்னுக்கு வர வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

காலநிலை எதை மாற்றுகிறது, எதை மாற்றாது

மேலே போன கந்தகமும் நைட்ரஜனும் எங்காவது கீழே வந்தே தீரும். கந்தக டை ஆக்சைடு ஓரிரு நாள் காற்றில் இருக்கும். அதிலிருந்து உருவாகும் சல்பேட் துகள் ஏறக்குறைய ஒரு வாரம் வரை பயணிக்கும். ஆகவே உலகம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால், ஒரு ஆண்டில் படியும் கந்தகம் கிட்டத்தட்ட அந்த ஆண்டில் காற்றில் கலந்த கந்தகம்தான். மழை கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கூட்டுத்தொகை மாறாது. எங்கே விழும், எப்போது விழும், எந்த வடிவில் விழும் என்பதுதான் மாறும்.

இந்த மாற்றம் சின்னது அல்ல. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆனால் உலக சராசரி மழை அதே ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடுகிறது. விளைவு, பல இடங்களில் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, பெய்யாவிட்டால் நீண்ட நாள் பெய்வதே இல்லை. காற்றைக் கழுவுவதைப் பொறுத்தவரை எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட எத்தனை தடவை பெய்தது என்பதே முக்கியம். ஒவ்வொரு மழையிலும் முதல் சில மில்லிமீட்டரே பெரும்பாலான மாசை இறக்கிவிடும்; அதற்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் இறக்க அதிகம் மிச்சமிருக்காது. ஆண்டு மழையளவு மாறாமல் மழை நாட்கள் மட்டும் குறைந்தால்கூட மாசு காற்றில் அதிக நாள் இருக்கும், அதிக தூரம் போகும், உலர்படிவின் பங்கு கூடும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையில் ஓடைகளுக்கு ஒரே மூச்சில் பெரிய சுமை இறங்கும்.

தரையை ஒட்டிய காற்றில் ஓசோனும் ஒரு மாசுதான். அதன் கதை வேறு மாதிரி. நிலத்தில் அது படிவதில் பெரும்பங்கு இலைத்துளைகள் வழியே நடக்கிறது. வறட்சியில் செடி நீரைக் காப்பாற்ற இலைத்துளையை மூடிக்கொள்ளும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் துளை சற்றுக் குறுகும். அப்போது இறங்க வேண்டிய ஓசோன் காற்றிலேயே நின்றுவிடுகிறது. 2003 கோடையில் ஐரோப்பா வெந்தபோது ஓசோன் ஏறியதற்குக் கடும் வெயிலும் அசையாத காற்றும் முக்கியக் காரணங்கள். காய்ந்துபோன தாவரங்களால் வழக்கம்போல ஓசோனை உறிஞ்ச முடியாமல் போனதும் அதில் சேர்ந்துகொண்டது. ஆக, படிவு குறைவது எப்போதும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செடியின் வாய்க்குள் போகாதது மனிதர்களின் நுரையீரலுக்குப் போகிறது.

இன்னொன்று அம்மோனியம் நைட்ரேட். குளிரில் இது துகளாக இருக்கும். வெப்பத்தில் பிரிந்து அம்மோனியா வாயுவாகவும் நைட்ரிக் அமில வாயுவாகவும் மாறிவிடும். துகள் மெதுவாகப் படியும், தூரமாகப் போகும். இந்த இரண்டு வாயுக்களோ தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே வெப்பம் ஏற ஏற நைட்ரஜன் படிவு, உமிழும் இடத்துக்குப் பக்கமாக நகரும் போக்கு இருக்கிறது.

மேலே சொன்ன 'கூட்டுத்தொகை மாறாது' என்ற விதி கந்தகத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். அம்மோனியாவுக்குப் பொருந்தாது. அங்கே வெப்பமே உமிழ்வைக் கூட்டுகிறது. வழிகளை ஒப்பிடும்போது இந்த ஒரு வேறுபாட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கந்தகம்: வெற்றி கண்ட வழி

1960-களில் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் மீன்கள் மறைந்துகொண்டிருந்தன. இதற்குக் காரணமான, கந்தகப் புகையிலிருந்து உருவாகும் அமிலம் பல நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள தொழிற்பகுதிகளிலிருந்து வருகிறது என்று 1967-இல் சுவீடன் விஞ்ஞானி ஸ்வாண்டே ஓடன் சொன்னார். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963-இல் ஜீன் லைக்கன்ஸ் குழு எடுத்த மழைநீரின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 4-ஐ ஒட்டி இருந்தது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் கரைந்த தூய மழையின் அளவு சுமார் 5.6. பி.எச். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால் இந்த இடைவெளி மிகப் பெரியது.

அதே காலத்தில் பரவலாகக் கையாளப்பட்ட 'தீர்வு' புகைபோக்கியை உயர்த்துவது. கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைக்காக 1972-இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுந்தது. ஊருக்குள் காற்று தெளிந்தது. கந்தகம் தூரத்து ஏரிகளுக்குப் போனது. படிவு பற்றி யோசிக்கும் எவரும் இந்த உதாரணத்தை மறக்கக் கூடாது. பின்னாளில் அந்த ஆலைகளின் உமிழ்வையே வெட்டியபோதுதான் சுற்றியிருந்த ஏரிகள் மீளத் தொடங்கின.

1979-இல் ஜெனீவாவில் எல்லை கடந்த காற்று மாசு குறித்த உடன்படிக்கை கையெழுத்தானது. 1985-இல் ஹெல்சிங்கியில், 1980-ஐ ஒப்பிட்டு 1993-க்குள் கந்தகத்தை 30 சதவீதம் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. அமெரிக்கா 1990-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, மின் நிலையங்களின் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து உரிமங்களை விற்று வாங்க அனுமதித்தது. இன்று அங்கே மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு 1990 அளவைவிட 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறக்கப்பட்டது.

ஏன் இது இவ்வளவு நன்றாக நடந்தது? உமிழும் இடங்கள் குறைவு, பெரியவை, எல்லாவற்றிலும் அளவுக் கருவி பொருத்த முடியும். தொழில்நுட்பமும் பழகியது: புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலுக்குள் செலுத்தினால் கந்தக டை ஆக்சைடில் 90 சதவீதத்துக்கு மேல் ஜிப்சமாக மாறிவிடும். நிலையம் தயாரிக்கும் மின்சாரத்தில் சிறு பங்கை இந்தக் கருவி தின்னும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் வெளிவரும். நிலக்கரி எரிந்து வெளிவிடுவதோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

சரி, குறைகள்? முதலாவது, மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு. பல பத்தாண்டு அமில மழை கழுவிக்கொண்டுபோன கால்சியமும் மக்னீசியமும் பாறை சிதைந்துதான் திரும்ப வர வேண்டும். ஹப்பர்ட் புரூக்கில் 1999-இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்கக் கால்சியம் சிலிகேட் தூவிப் பார்த்தார்கள். அங்கே சர்க்கரை மேப்பிள் மரங்கள் தேறின. மழை தூய்மையான பிறகும் மண்ணில் எது இல்லாமல் மரங்கள் தவித்தன என்பதை அது காட்டியது. இரண்டாவது, சதுப்புகளில் சேர்ந்து கிடக்கும் பழைய கந்தகம். வறட்சியில் சதுப்பு காய்ந்தால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து சல்பேட்டாகும். அடுத்த மழையில் ஓடைக்கு வரும். சட்பரியைச் சுற்றியுள்ள ஏரிகளில் இப்படி வறட்சிக்குப் பின் அமிலம் திரும்பியிருக்கிறது. உமிழ்வை நிறுத்தி நெடுநாள் ஆன பின்னும் வறட்சிகள் கூடினால் பழைய கடனைக் காலநிலை வசூலிக்கிறது.

மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் விவாதம். சல்பேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி பூமியைக் குளிர்விக்கின்றன. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 மதிப்பீட்டின்படி முக்கியமாகத் துகள்களால் நேர்ந்த குளிர்ச்சி 0.0 முதல் 0.8 டிகிரி வரை. கந்தகத்தைக் குறைத்தால் மறைந்திருந்த வெப்பத்தில் ஒரு பகுதி வெளிப்படும். இதைச் சொல்லிக் கந்தகக் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போடலாம் என்பவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அந்தத் துகள் மனிதர்களைக் கொல்கிறது, காட்டைக் கெடுக்கிறது. வெளிப்படும் வெப்பத்தை ஈடுகட்ட மீத்தேனைக் குறைக்கலாம். மீத்தேன் காற்றில் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுதான் நிற்கும் என்பதால் பலன் சீக்கிரம் தெரியும்.

வறண்ட நிலப்பகுதிகளுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கால்சியம் நிறைந்த புழுதி மழையின் அமிலத்தை நடுநிலைப்படுத்திவிடும். அதனால் மழையின் பி.எச். நன்றாக இருக்கிறது, கந்தகம் பிரச்சினை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். புழுதியையும் சாம்பலையும் மட்டும் முதலில் கட்டுப்படுத்திக் கந்தகத்தை விட்டுவைத்தால் மழை மேலும் அமிலமாகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் துகள் கட்டுப்பாட்டால் காற்றிலிருந்து வரும் கால்சியம் குறைந்து, கந்தகக் குறைப்பின் பலனில் ஒரு பகுதியை அது விழுங்கிவிட்டது.

அப்புறம், கந்தகம் பயிருக்குச் சத்தும்கூட. வட ஐரோப்பாவில் படிவு குறைந்தபின் கடுகு இனப் பயிர்களில் கந்தகப் பற்றாக்குறை தெரிந்து, விவசாயிகள் அதை உரமாக இடத் தொடங்கினார்கள். இது சமாளிக்கக்கூடிய செலவு.

நைட்ரஜன் ஆக்சைடுகள்: பலன் பரவலானது, வழி வளைந்தது

எரியும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சைடாகிறது. எனவே தூய எரிபொருள் வாங்கி மட்டும் இதைத் தவிர்க்க முடியாது. வாகனங்களில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி, ஆலைகளில் அம்மோனியாவோ யூரியாவோ தெளித்து வினையூக்கியில் குறைப்பது ஆகிய இரண்டும் நன்றாக வேலை செய்யும். ஓசோன், நுண்துகள், நைட்ரேட் படிவு மூன்றும் ஒருசேரக் குறையும் என்பதால், மனித ஆரோக்கியத்தை வைத்துப் பார்த்தால் இது மிக மதிப்பான வழி.

ஆனால் படிவை மட்டும் வைத்துப் பார்த்தால் சிக்கல்கள் உண்டு. பெட்ரோல் கார்களின் வினையூக்கி மாற்றி கொஞ்சம் அம்மோனியாவை உண்டாக்குகிறது. ஆலைகளிலும் தெளித்த அம்மோனியாவில் சிறிது நழுவி வெளியேறும். ஒரு வகை நைட்ரஜனைத் துரத்தி இன்னொரு வகையைச் சிறிதளவு சேர்க்கிறோம். ஓசோனுக்கும் நேர்க்கோட்டுக் கணக்கு கிடையாது: நைட்ரஜன் ஆக்சைடு மிகுந்த நகர மையத்தில் அதைக் கொஞ்சம் குறைத்தால் ஓசோன் முதலில் ஏறவும் கூடும், ஆழமாகக் குறைத்தால்தான் இறங்கும். விதிகளைச் சோதனைக்கூடத்தில் மட்டும் சரிபார்த்தால் என்ன ஆகும் என்பதை 2015-இல் வெளியான டீசல் கார் மோசடி காட்டியது. சாலையில் ஓடும்போது உமிழ்வு பல மடங்கு இருந்தது.

காலநிலையைப் பொறுத்தவரை இந்த வழி ஓரளவு உறுதியானது. வாகனத்தின் உமிழ்வு கோடை வெப்பத்தால் இரட்டிப்பாகாது. ஆனால் உரமிட்ட மண் வெப்பத்திலும், வறட்சிக்குப் பின் நனையும்போதும் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும். வாகனப் புகை குறையக் குறைய மண்ணின் பங்கு மொத்தத்தில் பெரிதாகத் தெரியும். அந்தப் பங்குக்கான சாவியும் உரப் பயன்பாட்டில்தான் இருக்கிறது. அதாவது அம்மோனியாவின் பக்கத்து வீட்டில்.

அம்மோனியா: தள்ளிப்போடப்பட்டது

அம்மோனியாவின் பெரும்பங்கு விவசாயத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 90 சதவீதத்துக்கும் மேல். கால்நடையின் சிறுநீரிலுள்ள யூரியாவும் வயலில் தூவும் யூரியாவும் ஒரே பாதையில்தான் போகின்றன. மண்ணிலும் சாணத்திலும் உள்ள யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியாவாக உடைக்கிறது. ஈரத்தில் கரைந்திருக்கும் அது வெப்பம் பட்டால் வாயுவாக எழும்பிவிடும். இப்படி வாயுவாகும் நாட்டம் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

இந்த எண்ணை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 5 டிகிரிக்கு இரட்டிப்பு என்றால் 1 டிகிரிக்குச் சுமார் 15 சதவீதம், 2 டிகிரிக்குச் சுமார் 32 சதவீதம். வயலில் மழை, மண்ணின் தன்மை, கிடைக்கும் நைட்ரஜன் எல்லாம் இதற்குக் கடிவாளம் போடும் என்பதால் நிஜத்தில் அப்படியே நடக்காது. ஆனாலும் திசை தெளிவு. ஒரு அரசு அம்மோனியாவை 20 சதவீதம் குறைக்க இலக்கு வைத்து, அதையும் முழுமையாகச் செய்து முடித்த பிறகு, 2 டிகிரி வெப்பம் அந்த ஆதாயத்தை மொத்தமாக அழித்துவிடக் கூடும். கந்தகத்தில் இப்படி ஒரு ஓட்டை இல்லை. சுண்ணாம்புக் கரைசலில் பிடித்த கந்தகம் கோடை வந்ததும் எழுந்து பறக்காது.

இதோடு கந்தக வெற்றியின் பின்விளைவும் சேர்கிறது. முன்பு காற்றிலிருந்த அம்மோனியாவில் பெரும்பகுதி சல்பேட்டோடு பிணைந்து துகளாகித் தொலைவு போனது. சல்பேட் குறைந்தபின் பிணைய ஆளில்லை. அம்மோனியா வாயுவாகவே நின்று, எழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே படிகிறது. சீனாவில் 2013-க்குப் பின் கந்தக டை ஆக்சைடு வேகமாகக் குறைந்தபோது, வடசீனச் சமவெளிக்கு மேல் அம்மோனியா வாயு கூடுவதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. அங்கே பண்ணைகள் திடீரென்று பெருகிவிடவில்லை. காற்றின் வேதியியல் மாறியது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் நைட்ரேட்டே முன்னிலையில் இருந்தது. இப்போது கனிம நைட்ரஜன் படிவில் பாதிக்கும் மேல் அம்மோனியா, அம்மோனியம் வடிவில் விழுகிறது.

மழையின் பி.எச். அளவை மட்டும் பார்ப்பவர்களை இது ஏமாற்றும். அம்மோனியா காரத்தன்மை கொண்டது. மழையில் கலந்தால் பி.எச். ஏறும், அறிக்கையில் முன்னேற்றம் தெரியும். ஆனால் மண்ணுக்குள் போன அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. மழை தேறிக்கொண்டே போக மண் கெட்டுக்கொண்டே போகலாம். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லா ஒப்பீடும் தப்பாகிவிடும்.

அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும், நைட்ரஜனின் அளவே ஒரு பாரம். மழைநீரை மட்டுமே உணவாகக் கொண்ட மேட்டுச் சதுப்புகள் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 5 முதல் 10 கிலோ நைட்ரஜனுக்கு மேல் தாங்காது என்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் எல்லை வகுத்திருக்கிறார்கள். விவசாயி ஒரு போகத்துக்கு இடும் தழைச்சத்தோடு (நைட்ரஜன்) இதை ஒப்பிட்டால் எவ்வளவு சிறியது என்று புரியும். அந்தச் சின்ன அளவைத் தாண்டினாலே பாசிகளும் ஊனுண்ணிச் செடிகளும் தோற்று, புல் ஜெயிக்கும்.

இந்த வழியின் நல்ல பக்கம் என்னவென்றால், மருந்துகள் எளிமையானவை. தீவனத்தில் தேவைக்கு மேல் புரதம் கொடுக்காமல் இருப்பது, சாணமும் சிறுநீரும் கலக்காமல் சீக்கிரம் பிரிப்பது, சாணக் குழம்புத் தொட்டியை மூடுவது, குழம்பை வயலின் மேல் வீசாமல் மண்ணுக்குள் செலுத்துவது, யூரியாவை மண்ணுக்குள் புதைத்து இடுவது அல்லது நீர் பாய்ச்சலுக்கு முன்னால் இடுவது, யூரியேஸைத் தடுக்கும் பூச்சுள்ள யூரியாவைப் பயன்படுத்துவது. இவை எல்லாமே காற்றில் போகும் தழைச்சத்தை மண்ணில் நிறுத்துகின்றன. உரச் செலவில் ஒரு பகுதி விவசாயிக்கே திரும்புகிறது. புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிப்பவருக்கு இந்த அளவு லாபம் கிடையாது.

கெட்ட பக்கமும் உண்டு. மண்ணுக்குள் செலுத்திய நைட்ரஜன் நைட்ரஸ் ஆக்சைடாக எழும் வாய்ப்பு கூடுகிறது; அது வலிமையான வெப்ப வாயு. இப்படி மண்ணில் மிஞ்சும் அளவுக்கு ஈடாக இடும் உரத்தைக் குறைக்காவிட்டால் ஒரு பிரச்சினையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியதாகிவிடும். கண்காணிப்பும் கடினம். சில நூறு புகைபோக்கிகளுக்குப் பதிலாக லட்சக்கணக்கான தொழுவங்களும் வயல்களும். எல்லாவற்றையும்விடக் கடினம் அரசியல்.

நெதர்லாந்து இதற்கு வலிமிகுந்த சாட்சி. அங்கே 1990-களிலிருந்தே சாணக் குழம்பை மேலே வீசுவதைத் தடைசெய்து அம்மோனியாவைப் பாதிக்கும் மேல் குறைத்தார்கள். ஆனாலும் கால்நடை அடர்த்தி அதிகம், படிவு இயற்கைப் பகுதிகளின் எல்லையைத் தாண்டியே இருந்தது. பின்னாளில் குறைந்துவிடும் என்று நம்பி முன்கூட்டியே அனுமதிகள் வழங்கிய திட்டத்தை 2019 மே மாதம் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டுமானமும் சாலைப் பணிகளும் பண்ணை விரிவாக்கமும் ஆயிரக்கணக்கில் முடங்கின. நெடுஞ்சாலைகளில் பகல்நேர வேக வரம்பு 2020-இல் மணிக்கு 100 கிலோமீட்டராக இறங்கியது. விவசாயிகள் டிராக்டர்களோடு சாலைக்கு வந்தார்கள். தள்ளிப்போட்டால் பிரச்சினை அப்படியே இருப்பதில்லை. ஒருநாள் மொத்தமாகத் தலையில் விழுகிறது, அதுவும் அதிகமாக உழைக்கும் மக்களின் தலையில். மெதுவாக, முன்கூட்டியே, ஈட்டுத்தொகையோடு செய்திருந்தால் அந்தக் கோபத்தில் பாதி எழுந்திருக்காது என்று நம்புகிறேன்.

எரிப்பதையே விடுவது

நிலக்கரி நிலையத்தை மூடினால் கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம், கார்பன் டை ஆக்சைடு நான்கும் ஒன்றாகப் போகும். பாதரசத்துக்கு இது மிக முக்கியம். தனிம வடிவப் பாதரசம் காற்றில் சில மாதங்கள் நின்று உலகைச் சுற்றும்; படிந்த பிறகும் காட்டுத்தீயிலும் சூடேறும் கடலிலும் இருந்து திரும்ப எழும். 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதற்காகத்தான். வெப்பம் ஏறுவதைத் தடுப்பதும் பாதரசப் படிவைத் தடுப்பதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன.

ஆனால் இந்த வழி அம்மோனியாவை நேரடியாகத் தொடாது. எரிபொருளுக்காகப் பயிர் வளர்க்கத் தொடங்கினால் உரத் தேவை கூடி அம்மோனியா ஏறவும் செய்யும். எண்ணெய்ப் பனை, பாப்லர், யூகலிப்டஸ் போன்றவை ஐசோப்ரீன் என்ற வாயுவை வெளிவிடும். நைட்ரஜன் ஆக்சைடு உள்ள காற்றில் அது ஓசோனைப் பெருக்கும். கப்பல்களில் அம்மோனியாவையே எரிபொருளாக்கும் யோசனையும் இருக்கிறது. கசிவைக் கட்டுப்படுத்தாமல் அதில் இறங்கினால் கடலோரச் சூழல்களுக்குப் புதிய நைட்ரஜன் சுமை வரும்.

நேரமும் ஒரு பிரச்சினை. இன்று கார்பனைக் குறைத்தாலும் மழையின் போக்கு மாறப் பல பத்தாண்டுகள் ஆகும். கந்தகத்தை நிறுத்தினால் மழை அடுத்த சில வாரங்களிலேயே மாறும். ஆகவே சுண்ணாம்புக் கருவியா, நிலையத்தை மூடுவதா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. நிலையத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்று பார்க்க வேண்டும். நீண்ட நாள் ஓடப்போகிறதென்றால் கருவியைப் பொருத்தாமல் விடுவது அநியாயம். சீக்கிரம் மூடுவதாக எழுதிக் கொடுத்தால் பணத்தை மாற்று மின்சாரத்தில் போடலாம். மூடும் தேதியும் சொல்லாமல் கருவியும் பொருத்தாமல் காலம் கடத்துவது மட்டும் கூடவே கூடாது.

விழுந்த பிறகு வைத்தியம்

சுவீடன் 1970-களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்பு தூவி வருகிறது. மீன்கள் உயிர் பிழைத்தன. அதனால் இதை ஏளனமாகப் பார்க்க முடியாது. ஆனால் நிறுத்தினால் பழைய நிலை திரும்பலாம், நைட்ரஜனுக்கு இது மருந்தே அல்ல. மண் மீளும் வரை இடைக்கால உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என் வரிசை

கந்தகத்தை இன்னும் கட்டுப்படுத்தாத பகுதி அதில்தான் தொடங்க வேண்டும். ஆனால் அம்மோனியா வேலையை 'அடுத்த கட்டம்' என்று தள்ளாமல் அதே ஆண்டில் தொடங்க வேண்டும். முதலில் செலவு குறைந்தவை, அதாவது யூரியா இடும் நேரமும் ஆழமும், தொட்டி மூடிகளும். கந்தகக் கருவிகள் ஓடத் தொடங்கும்போது விடுபடும் அம்மோனியா எங்கே போய் விழும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். கந்தகத்தை ஏற்கனவே முடித்துவிட்ட பகுதிக்கு அடுத்த பணம் முழுக்க அம்மோனியாவுக்கே போக வேண்டும் என்பேன். நைட்ரஜன் ஆக்சைடைப் பொறுத்தவரை, மக்கள் நெருக்கமான இடங்களில் ஆரோக்கியத்துக்காக அது தானாகவே முன்னால் வரும்; படிவுக் கணக்கைக் காட்டி அதை நியாயப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. எரிப்பதை விடுவது இவை எதற்கும் மாற்று அல்ல, எல்லாவற்றுக்கும் அடியில் ஓட வேண்டியது. அது இல்லாவிட்டால் அம்மோனியா இலக்கை ஒவ்வொரு டிகிரியும் அரித்துக்கொண்டே இருக்கும்.

இலக்கை எழுதும் விதமும் மாற வேண்டும். 'இத்தனை சதவீதம் உமிழ்வு குறைப்பு' என்று எழுதாமல், 'இந்தக் காட்டில், இந்தச் சதுப்பில், ஹெக்டேருக்கு இத்தனை கிலோவுக்கு மேல் விழக் கூடாது' என்று எழுத வேண்டும். தாங்கும் எல்லையை அடிப்படையாகக் கொண்ட இந்த முறை, ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வந்த 1994-இன் ஆஸ்லோ நெறிமுறையிலேயே கந்தகத்துக்காக வந்துவிட்டது. 1999-இன் கோத்தன்பர்க் நெறிமுறை கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு, அம்மோனியா, எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் நான்கையும் ஒன்றாகச் சேர்த்தது. இதில் நான் சேர்க்கச் சொல்வது வெப்பத்துக்கான கூடுதல் வெட்டு. 20 சதவீதம் தேவை என்று கணக்கு வந்தால், எதிர்பார்க்கும் வெப்ப உயர்வுக்கும் சேர்த்து இலக்கை உயர்த்தி எழுத வேண்டும்.

கருவிகளை எங்கே வைப்பது என்பதும் முடிவில் சேர்ந்தது. மழைநீரைச் சேகரிக்கும் வலைப்பின்னல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1970-களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. அது ஈரப்படிவை மட்டும் சொல்லும். வெப்பம் ஏறி, மழை நாள் குறைந்து, அம்மோனியா வாயுவாகவே நிற்கும்போது மழைக்குடுவை காட்டும் எண் உண்மையில் விழுவதைவிடக் குறைந்துகொண்டே போகும். மின்சாரமே தேவைப்படாத, மாதம் ஒருமுறை மாற்றும் எளிய அம்மோனியா உறிஞ்சிக் குழாய்கள் இருக்கின்றன. பண்ணை நெருக்கமான இடங்களிலும், காக்க வேண்டிய காடு, சதுப்பு ஆகியவற்றின் ஓரத்திலும் அவற்றைக் கட்டுப்பாடு தொடங்கும் முன்பே தொங்கவிட வேண்டும். தொடக்க நிலை அளக்கப்படாவிட்டால், பத்தாண்டு கழித்து வரும் எண் கூடியதா குறைந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.